சுவருக்கும் கூரைக்கும் நடுவே

சாட்டிக் கடற்கரையில் ஹொட்டேல் வரப்போகிறது, அதில் வெள்ளைக்காரர் காசு கொடுத்து ஓலை வீட்டில் படுக்கப்போகிறார்கள் என்ற கதையை முதலில் கேட்டபோது வேலணைத் தீவுச் சனம் சிரித்தது. ஓலை வீட்டில் கிடக்கிறவன் கையில் நாலு காசு புரண்டால், அவன் செய்கிற முதல் வேலை ஓலையைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடு போடுவது. இவர்கள் என்னடாவென்றால் ஓலைக்குள் படுக்கக் கப்பலேறி வருகிறார்களாம். எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது காலம் அது. ஆட்சி மாறி, கடைகளில் சாமான் வந்து குவிந்துகொண்டிருந்தது. தெற்குக் கடற்கரை முழுக்க ஹொட்டேல் முளைத்ததென்றால் இங்கேயும் ஒன்று முளைத்தால் என்ன என்று சிலர் நினைத்தார்கள். மற்றவர்கள் மீன் விலை ஏறினால் சரி என்று இருந்துவிட்டார்கள்.

அல்போன்சம்மா சிரிக்கவில்லை. அவளுக்கு அதற்கு நேரம் கிடைக்கவில்லை. கருவாடு போட்டு விற்று வீட்டைக் கொண்டிழுக்கிறவள் அவள். புருஷன் லியோன் கட்டிலோடு கிடந்தான். ஒரே மகள் மேரிஜோசப்பினுக்கு வயது ஏறிக்கொண்டு போனது.

லியோன் சங்கு குளிக்கிறவன். ஒரு நாள் நெடுந்தீவுப் பக்கம் போனபோது வள்ளத்திலிருந்து தலைகீழாய்ப் பாய்ந்தான். எத்தனையோ வருஷம் பாய்ந்த இடம்தான். அன்றைக்குத் தண்ணீர் வற்றிக் கிடந்தது. தலை கடலடிக் கற்பாரில் மோதி, நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி அற்றுப்போனது. யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் மாதக்கணக்காய்க் கிடந்து வீட்டுக்கு விட்ட அன்று, டொக்டர் அல்போன்சம்மாவைத் தனியே கூப்பிட்டார்.

"அம்மா, இவருக்கு இனி நெஞ்சுக்குக் கீழை வேர்க்காது. வேர்க்காத உடம்பிலை வெக்கை ஏறினால் லேசிலை இறங்காது. அது உயிருக்கே ஆபத்து. எப்பவும் காத்துப் படுகிற இடத்திலை கிடத்துங்கோ."

"எங்கடை வீட்டிலை காத்துக்குக் குறைவில்லை ஐயா," என்றாள் அல்போன்சம்மா.

அவள் பொய் சொல்லவில்லை. அது அவளுடைய சீதன வீடு. தகப்பன் கட்டிக் கொடுத்தது. முருகைக்கல் அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய தடித்த சுவர், நெஞ்சளவு உயரம்தான். அதற்குமேல் பனங்குற்றிகள் நின்று கூரையைத் தாங்கின. சுவருக்கும் கூரைக்கும் நடுவே நாலு பக்கமும் வெறும் வெளி. பனையோலைக் கூரையோ தாழ இறங்கி வெயிலையும் மழையையும் தெருவில் போகிறவன் கண்ணையும் ஒன்றாய் மறித்துவிடும். குனியாமல் யாரும் உள்ளே போக ஏலாது, பங்குச் சுவாமியாரும் குனிந்துதான் வருவார். வெளியே பூவரச மரங்கள், அதற்கப்பால் தாழைப் புதர். கடலிலிருந்து வருகிற காற்று தாழையில் மணலை உதிர்த்துவிட்டு, பூவரச நிழலில் ஆறி, சுவருக்கு மேலால் நுழைந்து மறுபக்கத்தால் போகும். கிணற்றுக்கட்டில் இருக்கிறது போல ஒரு குளிர்ச்சி உள்ளே எப்போதும் இருக்கும். லியோனின் கட்டில் அந்தக் காற்று போகிற வழியில் கிடந்தது. மூன்று கோடை அப்படிக் கழிந்து, அவனுக்கு ஒரு காய்ச்சல்கூட வரவில்லை.

பாலசிங்கம் அந்த வீட்டுக்கு வந்தது தண்ணீர் கேட்டு. காரைநகர்ப் பூர்வீகம், கொழும்பில் கட்டிடங்களுக்குப் படம் கீறிக் கொடுக்கிற பெரிய ஆள். ஹொட்டேல் கொம்பனி அவரைத்தான் பிடித்து அனுப்பியிருந்தது. வெயிலில் கடற்கரை அளந்து களைத்து, குனிந்து உள்ளே வந்தவர், செம்பை வாங்கக் கையை நீட்டியபடி அப்படியே நின்றுவிட்டார். அல்போன்சம்மா மனிதருக்குத் தலை சுற்றுகிறதாக்கும் என்று பயந்துபோனாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் வந்தார். தேங்காய்ப் பொச்சுமட்டையைக் கொளுத்தி மூலைக்கு மூலை வைத்து, புகை எந்தப் பக்கத்தால் போகிறது என்று பார்த்துக்கொண்டு நிலத்தில் இருந்தார். சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தார். மேரிஜோசப்பின் குசினிக்குள் ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். லியோனுக்கு இத்தனை காலத்துக்குப் பிறகு பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் கிடைத்தது.

"லியோன் அண்ணை, இந்தச் சுவரை இந்த உயரத்திலை நிப்பாட்டினது ஆர்? என்ன கணக்குப் பாத்துச் செய்திருக்கினம்," என்றார் பாலசிங்கம்.

"கணக்கு ஒண்டுமில்லை ஐயா. மாமனார் ரண்டாந்தரம் கல்லு ஏத்திக்கொண்டு வரேக்கை வள்ளம் கடலிலை தாண்டு போச்சு. கலியாணத்துக்கு நாள் வைச்சாச்சு. இருக்கிற கல்லோடை கூரையை ஏத்திப்போட்டு என்னை உள்ளுக்கை விட்டிட்டார்."

"மெய்யாத்தானோ?"

"பின்னை? மிச்சச் சுவர் வரும் வரும் எண்டு நானும் அண்டையிலயிருந்து பாத்துக்கொண்டிருக்கிறன். அது சீதனப் பாக்கி ஐயா."

"செத்துப்போன மனிசனை ஏன் இழுக்கிறியள்," என்று அல்போன்சம்மா குசினியிலிருந்து சத்தம் வைத்தாள். "கல்லு முடிஞ்சால் என்ன, காத்து வருகுதோ இல்லையோ?"

பாலசிங்கம் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு, ஹொட்டேலுக்குக் கட்டப்போகிற குடில்கள் எல்லாம் இந்த மாதிரித்தான் என்று சொன்னார். இடிந்து கிடக்கிற பழைய மதில்களின் கல், பனைமரம், ஓலை, கூரைத் தண்ணீரைப் பிடித்து வைக்க ஒரு தொட்டி. ஒரு மரமும் வெட்டுவதில்லை, மரம் நிற்கிற இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தில்தான் கட்டிடம். கரண்டும் வேண்டாம், காற்றாடியும் வேண்டாம்.

"இந்த வீட்டையே தூக்கிக்கொண்டு போய் அங்கை வைச்சால் எவ்வளவு நல்லாயிருக்கும்," என்று ஒருநாள் வாய்விட்டுச் சொன்னார். ஆசைக்குச் சொன்னதுதான். ஆனால் அன்றைக்கு அல்போன்சம்மாவின் தமையன் யாகப்பு அங்கே இருந்தார். அவர் எதையும் மறக்கிற மனிதர் இல்லை.

தங்கையின் மகளுக்கு மாப்பிள்ளை தேடி யாகப்புவின் செருப்புத் தேய்ந்திருந்தது. கட்டிலில் கிடக்கிற தகப்பன், கருவாடு விற்கிற தாய் என்றதும் வந்தவர்கள் தேத்தண்ணீரோடு போய்விடுவார்கள். கடைசியில் ஒரு இடம் பொருந்தி வந்தது. ஊர்காவற்றுறைப் பஸ்ரியாம்பிள்ளையின் இளைய மகன். காரைநகரில் வள்ளம் கட்டுகிற பட்டறை ஒன்றில் மாதச் சம்பளம். பெடியன் கோயில் திருவிழாவில் மேரிஜோசப்பினைக் கண்டிருக்கிறான், அவனுக்குப் பிடித்திருந்தது. இதைவிட வேறென்ன வேண்டும்.

பஸ்ரியாம்பிள்ளை பெண் பார்க்க வந்த அன்று கூரை விளிம்பில் தலையை இடித்துக்கொண்டார். நெற்றியைத் தடவிக்கொண்டே தேத்தண்ணீர் குடித்தார். பெண்ணைப் பார்த்தார், மனம் நிறைந்த முகத்தோடு லியோனிடம் சுகம் விசாரித்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"பிள்ளையிலை ஒரு குறையும் சொல்லேலாது. நான் காசு கேக்கேல்லை, நகை கேக்கேல்லை. ஆனால் மூத்தவன் கல்வீட்டிலை கலியாணம் முடிச்சிருக்கிறான். இளையவனை ஓலை வீட்டுக்கு அனுப்பினால் நாளைக்கு அவன் என்ரை முகத்திலை முழிக்கமாட்டான். ஒரு கல்வீடு, அவ்வளவுதான்."

"இதுவும் கல்லுத்தானே," என்றான் லியோன் கட்டிலிலிருந்து.

"அரைவாசிக்குத்தானே அண்ணை," என்றார் பஸ்ரியாம்பிள்ளை. அவர் குத்திக் காட்டச் சொல்லவில்லை. கண்ட உண்மையைச் சொன்னார்.

அவர் போன பிறகு யாகப்பு கதிரையை இழுத்துத் தங்கைக்குக் கிட்டப் போட்டுக்கொண்டார்.

"தங்கச்சி, பாலசிங்கம் ஐயா அண்டைக்குச் சொன்னது ஞாபகமிருக்கே? கல்லு, மரம், நிலை, கதவு முழுக்க விலைக்கு எடுப்பினம். வாற காசிலை இதே நிலத்திலை அஸ்பெஸ்ரஸ் சீற் போட்டுச் சீமெந்து வீடு ஒண்டு எழுப்பலாம். நான் கேட்டுப் பாக்கிறன்."

"எங்கடை வீட்டையோ?"

"வீட்டைத்தான்."

"அண்ணை, சீமெந்துக்கும் சீற்றுக்கும் கீழை இவரை எப்பிடிக் கிடத்துறது? டொக்டர் சொன்னது உங்களுக்குத் தெரியாதே?"

யாகப்பு லியோனைப் பார்த்தார். லியோன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். யாகப்பு எழுந்து போகுமட்டும் கண்ணை எடுக்கவில்லை. பிறகு மனைவியைக் கூப்பிட்டான்.

"இஞ்சேர். வீடு உன்ரை பேரிலை. நீதான் சொல்லவேணும்."

"நான் மாட்டன்."

"டொக்டர் என்னைப் பற்றித்தான் சொன்னவர். பிள்ளையைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை."

"நீங்கள் இல்லாமல் பிள்ளைக்கு என்ன வாழ்க்கை?"

"நான் இருக்கிறபடியால்தானே அவளுக்கு ஒண்டும் சரிவரேல்லை," என்றான் லியோன். சொல்லும்போது அவன் குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. "இவ்வளவு பேர் வந்து பாத்திட்டுப் போனது ஏன் எண்டு எனக்குத் தெரியாதே? என்னைக் குளிர்மையா வைச்சிருக்கிறதுக்காக அவள் இதுக்கை கிழவியாகிறதோ? பின்வளவிலை எனக்கு ஒரு ஓலைக் கொட்டில் போட்டு விடுங்கோ. நான் அதுக்கை ராசா மாதிரிக் கிடப்பன்."

அல்போன்சம்மா குசினிக்குள் போய் அடுப்பை ஊதினாள். அடுப்பு நன்றாய் எரிந்துகொண்டுதான் இருந்தது. மகளைப் பார்த்தால் மகளுக்காக அழுகை வந்தது, கட்டிலைப் பார்த்தால் புருஷனுக்காக வந்தது. கொட்டில் போடலாம் என்று அவன் சொன்னதை மட்டும் அவள் பிடித்துக்கொண்டாள். ஓலைக் கொட்டில்தானே, காற்று வரும்தானே என்று தனக்குத் தானே சொல்லிச் சொல்லி, அந்தக் கிழமை முடிவதற்குள் ஓம் என்றுவிட்டாள்.

வீடு கிடைக்கிறதென்று கேட்டுப் பாலசிங்கம் துள்ளிக் குதிப்பார் என்று யாகப்பு எதிர்பார்த்தார். மனிதரின் முகம் விழுந்துபோனது.

"இதைத் தந்துபோட்டு நீங்கள் என்னத்தைக் கட்டப்போறியள்?"

"கல்வீடு ஐயா. சீமெந்துக்கல்லு, மேலை அஸ்பெஸ்ரஸ் சீற்."

பாலசிங்கம் ஒரு தடியை எடுத்து முற்றத்து மணலில் கீறத் தொடங்கினார். "சீற்தான் போடவேணுமெண்டால் போடுங்கோ. ஆனால் சுவரைக் கூரையோடை முட்டக் கட்டாதேங்கோ. ஒரு முழமாவது வெளி விடுங்கோ. மரங்களிலை கை வையாதேங்கோ. நான் சும்மா படம் கீறித் தாறன், கூலி வேண்டாம்."

"ஐயா, சுவரை முட்டக் கட்டாமல் விட்டால் காசு காணாமல் விட்டிட்டினம் எண்டு சனம் சொல்லும்."

"காத்துக்கு விட்டதெண்டு சொல்லுங்கோ."

"நீங்கள் விட்டால் அது காத்துக்கு ஐயா. நாங்கள் விட்டால் அது இல்லாக்குறைதான்."

பாலசிங்கம் அல்போன்சம்மாவைப் பார்த்தார். அரைச்சுவர் என்று அவளுடைய வீட்டை ஊர் சொன்னது அவள் காதில் கலியாணம் முடித்த நாளிலிருந்து விழுந்து வந்தது. மகளும் அதைக் கேட்க வேண்டுமா என்று அந்த நேரம் நினைத்தாள்.

மாரி மழை விட்டதும் வீட்டைப் பிரித்தார்கள். பிரிக்கிற வேலைக்கு நாலைந்து பேர் வந்தார்கள். அல்போன்சம்மா அவர்களுக்கு ஒடியல் கூழ் காய்ச்சினாள். மீன் தலையும் நண்டும் பயற்றங்காயும் போட்டு, ஒரு குறையும் வைக்கவில்லை. அவர்கள் பனையோலைப் பிளாவில் கூழை வாங்கி ஊதி ஊதிக் குடித்துவிட்டு, மேலே ஏறி ஓலையை வழித்தெடுத்தார்கள். கூரை போனதும் வீட்டுக்குள் வெயில் விழுந்தது. தான் பிள்ளை பெற்ற அறை அவ்வளவு சின்னதாக இருந்ததா என்று அவள் அன்றைக்குத்தான் கண்டாள். கல்லும் மரமும் மாட்டுவண்டிலில் ஏறி, கடற்கரை ஓரமாய்க் கூப்பிடு தூரத்தில் இருந்த ஹொட்டேல் காணிக்குப் போயின. லியோன் பின்வளவுக் கொட்டிலில் கிடந்தபடி வண்டில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

பாலசிங்கம் சொன்னபடியே வீட்டை அங்கே திரும்பக் கட்டினார். ஒவ்வொரு கல்லும் இருந்த இடத்தில் இருந்தது, சுவர் நெஞ்சளவில் நின்றது. பக்கத்துக் குடில்கள் எல்லாம் அதைப் பார்த்து எழும்பின. பார்க்கப் போன சனம் மூக்கில் விரல் வைத்தது. உச்சி வெயிலில் உள்ளே போய் இருந்துவிட்டு எழும்ப மனமில்லாமல் வந்தார்கள். வந்து, தங்கள் வீட்டுக்கு எப்போது சீற் போடலாம் என்று யோசித்தார்கள்.

அல்போன்சம்மாவின் வளவில் கல்வீடு எழும்பியது. சுவர் சீற்றோடு முட்டி நின்றது, இடுக்கில் ஒரு விரல் போகாதபடி மேசன் சாந்து வைத்து அடைத்தான். கள்ளருக்குப் பயந்து யன்னல்கள் சின்னதாய், இரும்புக் கம்பியோடு. வாசலில் நின்ற பூவரசுகளைத் தறித்தது யாகப்புவின் யோசனை. றோட்டால் போகிறவன் கண்ணில் படாவிட்டால் கல்வீடு கட்டி என்ன பிரயோசனம் என்றார். பஸ்ரியாம்பிள்ளை ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே வீட்டைக் கண்டுவிட்டார். நிமிர்ந்தபடி உள்ளே வந்து, சுவரைத் தட்டிப் பார்த்து, "இது வீடு," என்றார். மேரிஜோசப்பினின் முகத்தில் அன்றைக்கு இருந்த வெளிச்சத்தைப் பார்த்து, செய்தது சரிதான் என்று அல்போன்சம்மா மனதைத் தேற்றிக்கொண்டாள்.

நாள்தான் இடித்தது. சைவக்காரர் என்றால் வீடு முடிந்த கையோடு நாள் வைத்திருப்பார்கள். வேதக்காரருக்கு அந்த வருஷம் வீடு முடிவதற்குள் நாற்பது நாள் தபசுகாலம் தொடங்கிவிட்டது. தபசுகாலத்தில் கோயிலில் கலியாணம் இல்லை. யேசு உயிர்த்த பாஸ்குத் திருநாள் முடிந்துதான் வைக்க வேண்டும். பாஸ்கு முடிந்தால் சித்திரை. வாடைக் காற்று ஓய்ந்து, சோளகம் இன்னும் எழும்பாத காலம். கடல் குளம் மாதிரி அசையாமல் கிடக்கும். கரையில் ஒரு ஓலை ஆடாது. சாட்டியில் பிறந்த எவருக்கும் அது தெரியும், தெரிந்தும் கலியாணத்தை அந்தக் கிழமைகளில்தான் வைப்பார்கள்.

கலியாணத்துக்கு முதல்நாள் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பலகாரத் தட்டங்களோடு வந்தார்கள். கிணற்றடிக்குப் போன ஒருத்தி கொட்டிலைக் கண்டாள்.

"உதென்ன, பொம்பிளையின்ரை தேப்பனைக் கொட்டிலிலை போட்டிருக்கினம்? இவ்வளவு பெரிய வீட்டிலை அந்த மனிசனுக்கு ஒரு மூலை இல்லையே?"

ஓலை சத்தத்தை மறிக்காது. லியோன் கேட்டுவிட்டான். அவர்கள் போனதும் யாகப்புவைக் கூப்பிட்டான்.

"மச்சான், என்னைத் தூக்கி உள்ளுக்கை விடு. நாளைக்கு மாப்பிள்ளையும் பொம்பிளையும் கோயிலாலை வந்து முழங்காலிலை நிண்டு ஆசீர்வாதம் கேக்கேக்கை நான் கொட்டிலுக்கை கிடந்து கையை நீட்டுறதோ?"

"ஏலாது," என்றாள் அல்போன்சம்மா. "அதுக்கை இப்ப அடுப்பு மாதிரிக் கிடக்கு. எனக்கே மூச்சு முட்டுது."

"ஒரு நாளைக்குத்தானே அம்மா. நாளைக்குப் பின்னேரம் திரும்ப இஞ்சை கொண்டுவந்து போடு. சும்மா பிடிவாதம் பிடியாதை," என்றான் லியோன்.

கட்டிலை உள்ளே கொண்டுபோனார்கள். கட்டில் போன இடம் வெறுமையானதும் சமையல்காரன் வந்து, பெரிய கிடாரங்களை வைக்க இதைவிட நல்ல இடமில்லை என்றான். கொட்டிலைப் பிரித்துவிட்டு அங்கே அடுப்பு மூட்டினார்கள்.

மறுநாள் காலையில் மகளுக்குக் கூறை உடுத்திவிட்டு அல்போன்சம்மா லியோனிடம் வந்தாள். அவன் முகம் சிவந்திருந்தது. காலைத் தொட்டுப் பார்த்தாள், காய்ந்துபோய்ச் சுட்டது.

"நான் சுவாமியாரிட்டைச் சொல்லி நாளைத் தள்ளப்போறன்."

"விசர்க்கதை கதையாதை. தள்ளினால் அவங்கள் பேந்து வரமாட்டாங்கள்." அவன் நாக்கு ஒட்டியது. அவள் கொடுத்த தண்ணீரை இரண்டு மிடறு குடித்தான். "ஈரத்துணியைப் போட்டிட்டுப் போ. நான் உன்னோடை எவ்வளவு காலம் சீவிச்சனான், ஒரு நாளாவது எழும்பி நிண்டு ஏதும் கேட்டனானே? இதைக் கேக்கிறன். போ."

எழும்பி நிற்க ஏலாதவன் அப்படிச் சொன்னதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பக்கத்து வீட்டு மரியநாயகியைக் கூப்பிட்டு, துணி காயக் காய நனைத்துப் போடும்படி கெஞ்சிச் சொல்லிவிட்டுப் போனாள். கோயிலில் யாகப்பு தகப்பன் இடத்தில் நின்று மேரிஜோசப்பினைக் கைபிடித்துக் கொண்டுவந்தார். சுவாமியார் சொன்ன செபம் ஒன்றும் அல்போன்சம்மாவின் காதில் ஏறவில்லை. தாலி ஏறியதை மட்டும் கண்டாள். கண்டதும் எழுந்து ஓடவேண்டும் போலிருந்தது. பூசை முடியுமட்டும் இருந்தாள்.

வெயில் உச்சிக்கு வந்த நேரம் மாப்பிள்ளையும் பெண்ணும் புது வீட்டுப் படியில் கால் வைத்தார்கள். வெடி கொளுத்தினார்கள். சனம் உள்ளே நெருக்கியது. மரியநாயகி கையில் வாளியோடு நின்றாள்.

"துணி போட்டவுடனை காயுது அக்கா," என்றாள். "கொஞ்ச நேரமாய் ஏதோ பிதற்றுறார்."

மணமக்கள் கட்டிலடியில் முழங்காலில் நின்றார்கள். யாகப்பு லியோனின் கையைத் தூக்கி மகளின் தலையில் வைத்தார். அவன் விரல்கள் ஒருதரம் அசைந்தன. மேரிஜோசப்பின் நிமிர்ந்து தாயைப் பார்த்தாள்.

"அம்மா, அப்பாவின்ரை கை நெருப்பாய்க் கிடக்கு."

கலியாணத்துக்கு வந்திருந்த பாலசிங்கம் ஆட்களை விலக்கிக்கொண்டு கட்டிலடிக்கு வந்தார். மேலே சீற்றைப் பார்த்தார். அடைத்துக் கிடந்த மூலையைப் பார்த்தார்.

"இவரை உடனை இஞ்சையிருந்து எடுங்கோ. காருக்கை இன்னும் வெக்கை, அதை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி அப்போதிக்கரியைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அதுவரைக்கும் ஹொட்டேலுக்குக் கொண்டு போவம், அந்த வீட்டுக்கு."

நாலு பேர் கட்டிலோடு தூக்கினார்கள். மாப்பிள்ளைப் பெடியனும் மாலையைக் கழற்றி வைத்துவிட்டுக் கட்டிலின் ஒரு காலைப் பிடித்தான். கடற்கரை மணல் காலைச் சுட்டது. அல்போன்சம்மா சேலைத் தலைப்பைப் புருஷனின் முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள்.

வீடு தாழைக்கு நடுவே அப்படியே இருந்தது. தூக்கி வந்தவர்கள் எல்லாரும் ஒருமிக்கக் குனிந்து உள்ளே போனார்கள். மறுநாள் வரப்போகிற முதல் விருந்தாளிகளுக்காக வெள்ளைத் துணி விரித்த கட்டில் ஒன்று போட்டிருந்தது. அதில் கிடத்தி, கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாய் ஊற்றினார்கள். காற்று இல்லாத நாளிலும் சுவருக்கு மேலால் ஏதோ கொஞ்சம் வந்துகொண்டிருந்தது. நெடுநேரம் கழித்து லியோன் கண்ணைத் திறந்தான். மேலே ஓலையைப் பார்த்தான். பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தான்.

"கலியாணம் முடிஞ்சுதே?"

"ஓம். முடிஞ்சுது."

"சாப்பாடு காணுமே எல்லாருக்கும்?"

"காணும். மிஞ்சும். நீங்கள் கதையாமல் கிடவுங்கோ."

"அவங்களைப் பசிக்க விடாதை," என்றான். அதற்குப் பிறகு கதைக்கவில்லை. அப்போதிக்கரி வந்து நாடியைப் பிடித்துப் பார்த்தபோது பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. அல்போன்சம்மா வாய்விட்டு அழவில்லை. காலையில் போகாமல் இருந்திருக்கலாம் என்ற ஒரே நினைவு திரும்பத் திரும்ப வந்தது. போகாமல் இருந்திருந்தால் அவன் மன்னித்திருக்க மாட்டான் என்பதும் கூடவே வந்தது.

தூக்கி வந்தவர்கள் வெளியே தாழை நிழலில் நின்றார்கள். பஸ்ரியாம்பிள்ளையும் வந்து சேர்ந்துவிட்டார். அவர் கண் கலங்கித்தான் நின்றார். கலியாண வீட்டைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை, யாரும் சொல்லித் தெரிய வேண்டியதும் இல்லை. செத்தவனை அவனுடைய வீட்டில் ஒரு இரவு வைத்து, செபம் சொல்லி, அங்கிருந்துதான் கோயிலுக்கு எடுப்பது வழக்கம். பெண்ணும் மாப்பிள்ளையும் கால் வைத்த அன்றே அந்த வீட்டுக்குள் பிரேதத்தைக் கொண்டுபோய்க் கிடத்தினால், மேரிஜோசப்பினுக்குக் காலம் முழுக்க அதைச் சொல்லிக் காட்டுவார்கள். கொட்டில் இருந்த இடத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

யாகப்பு குனிந்து உள்ளே வந்தார். தங்கைக்குப் பக்கத்தில் இருந்து, மெல்லக் கேட்டார்.

"தங்கச்சி, இப்ப இவரை எங்கை கொண்டு போறது?"

அல்போன்சம்மா லியோனின் முகத்தில் இருந்த தண்ணீரைத் துடைத்தாள், கையை நேராய் எடுத்து வைத்தாள். பிறகு எழுந்து, சுவரோரம் நின்ற பாலசிங்கத்திடம் போனாள்.

"ஐயா, இந்த வீட்டுக்கு ஒரு நாள் வாடகை எவ்வளவு?"

பாலசிங்கம் கையெடுத்துக் கும்பிட்டார். "அப்பிடிக் கேக்காதேங்கோ அக்கா. இது உங்கடை வீடு."

"இல்லை ஐயா. நான் வித்துப்போட்டன். என்ரை வீடெண்டால் உங்களிட்டை வந்து கேட்டுக்கொண்டு நிப்பனே?" அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வெள்ளைக்காரரிட்டை என்ன வாங்குவியளோ அதைச் சொல்லுங்கோ. குறைக்க வேண்டாம். நாளைக்குப் பின்னேரம் வரைக்கும் எனக்கு வேணும். இவரை இதுக்கையிருந்துதான் எடுக்கவேணும்."

பாலசிங்கம் அந்த அரைச்சுவரில் கையை ஊன்றித் தலையைக் குனிந்துகொண்டார். அல்போன்சம்மா அவருடைய மறுமொழிக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.